செம்மறிக் குட்டிகளுக்கு மணிலாக் கொடித் தீனி

நிலக்கடலை என்னும் மணிலாக்கொட்டை மிகுதியாய்ப் பயிராகும் திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களில், அறுவடையானபின் கொடியை மழையில் நனையவிட்டு வீணாக்கும் விவசாயிகள் உண்டு. கோடையில் மேய்ச்சல் வற்றிப் பால்மறந்த குட்டிகள் மெலியும்போது, அவர்களே அவற்றைக் கிடைத்த விலைக்கு விற்று நஷ்டமடைகின்றனர். வீணான கொடியே அந்நஷ்டத்தைத் தடுத்திருக்கும்.

கொடியின் குணம்: நெல் வைக்கோலில் நூற்றுக்கு 3 அல்லது 4 பங்கே புரதம் உண்டு. நன்கு பதனிட்ட மணிலாக் கொடியில் 8 முதல் 10 பங்கு வரை உண்டு. சுண்ணாம்புச் சத்தும் அதிகம். இச்சத்தின் பெரும்பகுதி இலையில் இருப்பதால், இலை உதிராதபடி கொடியைப் புரட்டி உலர்த்தி, மேடான இடத்தில் போராகப் போட்டு, மழை படாமல் மூடிவைத்தல் வேண்டும்.

கலவைத் தீனி: கொடி மட்டும் வளரும் குட்டிக்குப் போதாது. மணிலாப் பிண்ணாக்கு 30 பங்கு, அரிசித் தவிடு 35 பங்கு, உளுந்து அல்லது துவரைப் பொட்டு 32 பங்கு, தாது உப்புக் கலவை 2 பங்கு, கறியுப்பு 1 பங்கு சேர்த்துக் கொள்க. பகலில் மேய்ந்து பட்டிக்குத் திரும்பும் 15 கிலோ எடையுள்ள குட்டிக்கு இக்கலவை 150 கிராமும் நறுக்கிய கொடி 300 கிராமும் கொடுக்கலாம். தவிட்டை மட்டும் மிகுதியாக இடுவது தவறு. அதில் மணிச்சத்து மிகுந்து சுண்ணாம்புச் சத்துக் குறைந்திருப்பதால், கிடாக்குட்டிகளுக்குச் சிறுநீர்க் கல்லடைப்பு உண்டாகக்கூடும்.

பழக்கும் முறை: முதல் நாள் 25 கிராம் கலவையில் தொடங்கி, இரண்டு வாரங்களில் முழு அளவுக்கு உயர்த்துக. புஷ்டியான தீனியைத் திடீரென்று மிகுதியாகக் கொடுத்தால், வயிறு உப்புவதோடு துள்ளுமாரி நோயும் கண்டு, கொழுத்த குட்டியே முதலில் மடியும். முன்னதாகவே கால்நடை மருந்தகத்தில் அந்நோய்க்குத் தடுப்பூசி போட்டுக்கொள்வது நலம்.

பூசணத்தைப் பற்றிய எச்சரிக்கை: 1960-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தன. அவற்றின் தீனியிலிருந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய நஞ்சே காரணமென்று பின்னர் அறியப்பட்டது. அஃப்ளடாக்ஸின் எனப்படும் அந்நஞ்சு வேகவைத்தாலும் நீங்காது, ஈரலைக் கெடுக்கும். ஆதலால் பூசணம் கண்ட பிண்ணாக்கையும் கொடியையும் மலிவென்று கருதிக் குட்டிகளுக்கு இடலாகாது. மூட்டைகளைத் தரையில் வையாமல் பலகையின்மேல் அடுக்குக.

செலவின்றிச் செய்யக்கூடியது கொடியை உலர்த்திக் காப்பதே. அறுவடைக்கு முன்னரே கிராம அலுவலர்கள் இதனை விவசாயிகளுக்கு எடுத்துரைப்பார்களாயின், கோடையில் குட்டிகளை நஷ்டத்துக்கு விற்கும் நிலை பெரிதும் குறையும்.