வறட்சி தாங்கும் மின்கலச் சவ்வு

சித்திரை வெயிலில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிப்பதையும், ஐப்பசி மழையில் வெடிப்புகள் மூடிக்கொள்வதையும் விருதுநகர் வட்டாரத்து விவசாயிகளுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எரிபொருள் மின்கலம் என்னும் சாதனத்தின் உள்ளேயும் இத்தகைய தொல்லை ஒன்று உண்டு.

இக்கலத்தின் ஒரு புறம் ஹைட்ரஜன் வாயுவும் மறுபுறம் காற்றும் செலுத்தப்படுகின்றன. நடுவே மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று இருக்கிறது. ஹைட்ரஜனிலிருந்து பிரிந்த எலெக்ட்ரான் கம்பி வழியே சுற்றிச் செல்லும்போது மின்சாரம் கிடைக்கிறது. எஞ்சிய புரோட்டான் சவ்வைக் கடந்து, பிராணவாயுவுடன் கூடித் தண்ணீராகிறது. புகை இல்லை.

ஆனால் சவ்வில் ஈரம் இருந்தால்தான் புரோட்டான் எளிதில் நகரும். 1960-களில் அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி உருவாக்கிய நேஃபியான் சவ்வே இன்றும் பெருவழக்கில் உள்ளது. அது நனைந்தால் உப்புகிறது, காய்ந்தால் சுருங்குகிறது. இவ்வாறு மாறி மாறி நிகழ்ந்தால் நாளடைவில் விரிசல் காண்கிறது. கலம் ஏறத்தாழ 80 டிகிரி சூட்டில் இயங்குவதால், உட்புகும் வறண்ட காற்று சவ்வின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றுவதற்குத் துணைநின்ற அதே வறட்சி, இச்சவ்வுக்குப் பகையாகிறது!

காற்றை நனைத்து அனுப்பலாம். அதற்குத் தனிக் கருவியும், உப்பு நீக்கிய தூய நீரும் வேண்டும். நமது ஆழ்குழாய்க் கிணறுகளின் கடின நீர் உதவாது; அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சவ்வில் புரோட்டானின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே சவ்வையே திருத்த முயல்கின்றனர். 1953-இல் திறக்கப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், நேஃபியானில் சிலிகா, சிர்கோனியம் பாஸ்பேட் முதலியவற்றின் நுண்துகள்களைச் சேர்த்து ஆராய்ந்துள்ளனர். தொழுவுரம் மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைப்பது போல, இத்துகள்கள் சவ்வில் நீரை நிறுத்துகின்றன. சவ்வை மெல்லியதாக்குவது வேறொரு வழி. கலத்தில் உண்டாகும் தண்ணீரே மறுபக்கம் ஊறி நனைக்கும். எனினும் மிகவும் மெலிந்தால் வாயு கசியும். பாஸ்பாரிக் அமிலம் ஊறிய பென்சிமிடசோல் வகைச் சவ்வு 160 டிகிரியிலும் ஈரமின்றி இயங்கும். ஆனால் சூடேறத் தாமதமாகும், தண்ணீர் தேங்கினால் அமிலம் கரைந்து போகும்.

நமது வட்டாரத்திற்கு மற்றொரு கவலையும் உண்டு. காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் கலந்திருந்தால் சிறு பொறியும் தீ மூட்டும். வறண்ட நாளில் ஆடை உரசி எழும் மின்பொறியே போதும் என்பதைப் பட்டாசுத் தொழிலாளர் நன்கறிவர். ஊராட்சிக் கட்டடத்திற்கோ தெருவிளக்கிற்கோ இத்தகைய கலம் வேண்டுமென்று யோசனை வந்தால், வாயு உருளைகளைப் பட்டாசுக் கொட்டகைகளுக்குத் தொலைவில், மேற்புறம் காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க முடியுமா என்று உறுப்பினர்கள் முதலில் கேட்க வேண்டும். சவ்வை நனைக்கும் நீர் எங்கிருந்து வரும் என்பது அடுத்த கேள்வி.