பறக்கும் பருந்தைப் படம்பிடித்தலும் படத்தைச் செம்மைப்படுத்தலும்

அலகு: ஒளிப்படமும் அதன் உண்மைத்தன்மையும்

இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,
• வேகமாக அசையும் பொருளுக்கேற்ப கமராவைச் சரிசெய்யும் முறையை விளக்க முடியும்.
• செம்மைப்படுத்தலுக்கும் மோசடிக்கும் உள்ள வேறுபாட்டைக் காரணத்துடன் எழுத முடியும்.

1. அறிமுகம்

மாணவர்களே, இரையை வேட்டையாடி உண்ணும் பறவைகள் இரைவௌவிப் பறவைகள் எனப்படும். எமது கரையோரங்களிலும் களப்புகளிலும் காணப்படும் செம்பருந்து இதற்குச் சிறந்த உதாரணம். கோயில் திருவிழாக்களில் கருடன் என்று நாம் அண்ணாந்து பார்ப்பதும் இதனையே. வளர்ந்த செம்பருந்தின் தலையும் மார்பும் வெண்மை, உடல் செம்பழுப்பு. இப்பறவையையே இப்பாடத்தில் உதாரணமாகக் கொள்வோம்.

2. ஒளியைக் கட்டுப்படுத்தும் மூன்று காரணிகள்

(அ) துவாரம் - வில்லையினூடாக எவ்வளவு ஒளி செல்லும் என்பதைத் தீர்மானிக்கும்.
(ஆ) ஷட்டர் வேகம் - எவ்வளவு நேரம் ஒளி படும் என்பதைத் தீர்மானிக்கும்.
(இ) ஐ.எஸ்.ஓ - ஒளிக்குக் கமரா காட்டும் உணர்திறனைக் குறிக்கும்.

பருந்து செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் பறப்பதாகக் கொள்வோம். 1/500 செக்கனில் அது 2 சென்ரிமீற்றர் நகர்ந்துவிடும். கண் தெளிவாகத் தெரியாது. 1/2000 செக்கனில் அது நகர்வது அரைச் சென்ரிமீற்றர் மாத்திரமே. எனவே பறக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் கூடுதலாக இருக்க வேண்டும்.

உதாரணம்: கிளையில் இருக்கும் பருந்துக்கு எப் 5.6, 1/500 செக்கன், ஐ.எஸ்.ஓ 200 பொருத்தமாக உள்ளது. அது பறக்கத் தொடங்கியதும் 1/2000 செக்கன் தேவை. துவாரத்தை மாற்றாதுவிடின் ஐ.எஸ்.ஓ எவ்வளவு?

விடை: 1/500 → 1/1000 → 1/2000 என இரு தடவை ஒளி அரைவாசியாகிறது. ஆகவே ஐ.எஸ்.ஓ இரு தடவை இருமடங்காக வேண்டும். 200 → 400 → 800. விடை 800.

ஐ.எஸ்.ஓ கூடும்போது படத்தில் புள்ளி புள்ளியான இரைச்சல் தோன்றும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பலர் கணக்கைச் சரியாகச் செய்துவிட்டு இதனை விட்டுவிடுகின்றனர்.

3. வெண்தலைச் சிக்கல்

கமரா எக்காட்சியையும் நடுத்தர ஒளிர்வாக்கவே முயலும். வெளிறிய வானம் பின்னணியானால் கமரா ஒளியைக் குறைக்கும்; பருந்து கரிய நிழலாகிவிடும். அப்போது ஒளியைச் சற்றுக் கூட்ட வேண்டும். இருண்ட மரச்செறிவு பின்னணியானால் கமரா ஒளியைக் கூட்டும்; வெண்தலை வெளிறி இறகின் விபரம் அழிந்துவிடும். அப்போது குறைக்க வேண்டும். இருண்ட பகுதியைப் பின்னர் ஓரளவு மீட்கலாம். முற்றாக வெளிறிய பகுதியை மீட்க முடியாது. எனவே எந்நிலையிலும் வெண்மையைப் பாதுகாத்தலே முதன்மையானது.

4. களத்தில் கவனிக்க வேண்டியவை

• குவியம் பறவையின் கண்ணில் இருக்க வேண்டும். பறக்கும்போது தொடர் குவிய முறையைப் பயன்படுத்துக.
• காலை ஒளி மென்மையானது. நண்பகலில் வெப்பக்காற்றின் அலைவு தூரப் படத்தைக் கலங்கச் செய்யும்.
• பறவைகள் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே எழும். காற்றின் திசையறிந்து நின்றால் முகம் தெரியும் படம் கிடைக்கும்.
• கூட்டை நெருங்கலாகாது. தாய்ப்பறவை அஞ்சி நீங்கினால் முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும் இரையாகும். எந்தப் படமும் ஒரு குஞ்சின் உயிருக்கு ஈடாகாது.

5. செம்மைப்படுத்தும் ஒழுங்கு

ரோ கோப்பாக எடுப்பது சிறந்தது. ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 ஒளிப்படிகள். 14 பிட் ரோ கோப்பில் 16,384 படிகள். எனவே திருத்துவதற்கு இடம் அதிகம்.

படி 1: மூலக் கோப்பைப் பத்திரப்படுத்திப் பிரதியில் வேலை செய்க.
படி 2: வெட்டுக. பறவை பார்க்கும் திசையில் இடம் விடுக. 6000 × 4000 பிக்சல் படத்தை 3000 × 2000 ஆக வெட்டினால் எஞ்சுவது காற்பங்கே.
படி 3: ஒளிர்வையும் வெண்சமநிலையையும் சரிசெய்க.
படி 4: இரைச்சலைக் குறைக்க.
படி 5: இறுதியாகக் கூர்மையாக்குக. குவியம் தவறிய படத்தைக் கூர்மையாக்கல் காப்பாற்றாது.

6. செம்மைப்படுத்தலா, மோசடியா?

ஒளியைத் திருத்துதல், அளவாக வெட்டுதல், வில்லைத் தூசியின் தடத்தை நீக்குதல் ஆகியன செம்மைப்படுத்தல். பருந்தின் காலில் இல்லாத மீனை ஒட்டுதல், இடையூறான கிளையை அழித்தல் ஆகியன மோசடி. முன்னையது கண்டதைத் தெளிவாக்குகிறது. பின்னையது காணாததைக் கண்டதாகச் சொல்கிறது.

படத்தில் கைவைக்காமலும் ஏமாற்றலாம். இலண்டனில் நடத்தப்படும் ஆண்டின் சிறந்த வனவிலங்கு ஒளிப்படக் கலைஞர் போட்டியில், வேலிப்படலையைத் தாண்டும் ஓநாயின் படம் 2009இல் முதற்பரிசு பெற்றது. அது பழக்கப்பட்ட விலங்காக இருக்கலாம் என நடுவர்கள் முடிவுசெய்ததால் 2010இல் பரிசு பறிக்கப்பட்டது. பொய்யான விளக்கமும் படத்தைப் பொய்யாக்கும் என்பதற்கு இதனை உதாரணமாக எழுதலாம்.

மாதிரி வினா

செய்தித்தாளுக்கு அனுப்பும் பருந்துப் படத்தில் மின்கம்பியை அழித்துவிடலாமா? காரணம் தருக. (4 புள்ளிகள்)

விடைக் குறிப்பு: அழிக்கலாகாது (1). கம்பி அக்காட்சியின் உண்மையான பகுதி (1). மின்கம்பிகள் பெரிய பறவைகளுக்கு ஆபத்தானவை. அழித்தால் அச்செய்தியே மறைந்துவிடும் (1). வேறு கோணத்தில் எடுப்பது அல்லது கம்பி வராதவாறு வெட்டுவது நேர்மையான வழி (1).

"அழிக்கக் கூடாது" என்று மட்டும் எழுதினால் ஒரு புள்ளியே. காரணத்தை எழுதப் பழகுங்கள்.