கார் சாவிக்குள் ஒரு கம்ப்யூட்டர்

மானிட்டர், கீபோர்டு, மவுஸ் இருந்தால்தான் கம்ப்யூட்டர் என்று நினைக்க வேண்டாம். இன்று வாங்கும் பல கார்களின் சாவிக்குள்ளும் ஒரு சின்னஞ்சிறு கம்ப்யூட்டர் வேலை செய்கிறது. அதற்கு நினைவகம் உண்டு. கணக்குப் போடத் தெரியும். ரேடியோ அலை மூலம் காருடன் பேசவும் தெரியும்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்குப் பாஸ்வேர்ட், ஓ.டி.பி. போன்ற சொற்கள் குழப்பமாக இருக்கலாம். கார் சாவியை வைத்துப் பார்த்தால் அவை எளிதாகப் புரியும். கூடவே, கோபியிலிருந்து ஈரோட்டுக்கும் கோவைக்கும் கார் பார்க்கச் செல்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுக்கும் பதில் கிடைக்கும். பட்டனைத் தட்டினால் கிளம்பும் ஸ்மார்ட் கீ நல்லதா, திருகி ஸ்டார்ட் செய்யும் பழைய சாவி நல்லதா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரும்புச் சாவி: வடிவமே பாஸ்வேர்ட்

திண்டுக்கல் பூட்டு நம் எல்லோருக்கும் தெரியும். 2019ல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அது. அந்தப் பூட்டுக்குள் இருக்கும் லீவர்களைச் சரியான உயரத்திற்குத் தூக்கும் சாவிதான் அதைத் திறக்கும். கார் பூட்டிலும் இதே தத்துவம்தான். சாவியில் உள்ள பற்கள், பூட்டுக்குள் ஸ்பிரிங்குடன் இருக்கும் சிறு தகடுகளை ஒரே வரிசைக்குக் கொண்டு வந்தால் பூட்டு திரும்பும்.

ஆக, சாவியின் வடிவம்தான் பாஸ்வேர்ட். சிக்கலும் இங்கேதான். இந்தப் பாஸ்வேர்ட் சாவியின் மேலேயே எல்லோரும் பார்க்கும்படி எழுதப்பட்டிருக்கிறது. சாவியைக் கொஞ்ச நேரம் கையில் வாங்கியவர் நகல் வெட்டிக் கொள்ளலாம். பாஸ்வேர்டைச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டி வைப்பதைப் போன்றது இது.

சிப் வைத்த சாவி: கேள்வியும் பதிலும்

இதற்குத் தீர்வாக வந்ததுதான் இம்மொபிலைசர். மாருதி கார்களில் இதனை ஐகேட்ஸ் என்று அழைக்கிறார்கள். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களில் இம்மொபிலைசர் கட்டாயமாக்கப்பட்டது.

இது எப்படி வேலை செய்கிறது? சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப் இருக்கும். அதற்கு பேட்டரி தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள செம்புக் காயிலில் இருந்து, பொதுவாக 125 கிலோ ஹெர்ட்ஸ் அலையில், மின்சக்தி கிடைக்கும். நீங்கள் சாவியைத் திருகியதும் கார் ஏதோ ஓர் எண்ணைக் கேள்வியாக அனுப்பும். சிப் தன்னிடம் உள்ள ரகசிய எண்ணுடன் அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். காரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் எஞ்சின் ஓடும். அடுத்த முறை கேள்வி வேறு, விடையும் வேறு. ரகசிய எண் ஒருபோதும் வெளியே வருவதில்லை. எனவே சாவியின் பற்களை மட்டும் நகலெடுத்தவர் கதவைத் திறக்கலாம். காரைக் கிளப்ப முடியாது.

இந்தச் சிப் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பார்த்தது. அங்கே 2015ம் ஆண்டு மாடல்களில், மற்ற கம்பெனிகளின் கார்களில் 96 சதவீதத்தில் இம்மொபிலைசர் இருந்தது. ஹூண்டாய், கியா கார்களில் 26 சதவீதத்தில் மட்டுமே இருந்தது. மீதிக் கார்களில் ஸ்டியரிங் அருகே உள்ள மூடியைக் கழற்றி, யு.எஸ்.பி. கேபிளின் முனையை நுழைத்துத் திருகிக் கிளப்பும் வித்தை 2021, 2022ல் சமூக வலைத்தளங்களில் பரவியது. சிறுவர்கள்கூடத் திருடினார்கள். உயிரிழப்புகளும் நேர்ந்தன. கடைசியில் 2023ல் சுமார் 83 லட்சம் கார்களுக்குப் புதிய சாப்ட்வேர் தர வேண்டி வந்தது. இப்படிச் சிக்கியவை எல்லாம் இரும்புச் சாவியைத் திருகி ஸ்டார்ட் செய்யும் கார்கள். அதே கம்பெனிகளின் பட்டன் ஸ்டார்ட் கார்களில் இம்மொபிலைசர் இருந்ததால் அவை தப்பின.

ரிமோட் பட்டன்: ஒவ்வொரு முறையும் ஓ.டி.பி.

கதவைத் திறக்கவும் பூட்டவும் ரிமோட் பட்டன் வந்தது அடுத்த கட்டம். இந்தியாவிலும் ஐரோப்பாவிலும் இவை பெரும்பாலும் 433.92 மெகா ஹெர்ட்ஸ் அலையில் இயங்குகின்றன. ஆரம்பகால ரிமோட்டுகள் எப்போதும் ஒரே எண்ணையே அனுப்பின. பக்கத்தில் நின்று அதைப் பதிவு செய்தவர், பிறகு அதையே ஒலிபரப்பிக் கதவைத் திறந்து விடலாம்.

எனவே ரோலிங் கோடு வந்தது. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் எண் மாறும். ஒருமுறை பயன்படுத்திய எண்ணைக் கார் மீண்டும் ஏற்காது. வங்கியிலிருந்து உங்கள் செல்போனுக்கு வரும் ஓ.டி.பி.யைப் போன்றதுதான் இது.

ரகசிய எண் எவ்வளவு நீளம் என்பதும் முக்கியம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் ஒரு வகைச் சாவிச் சிப்பில் ரகசிய எண் 40 பிட் நீளம். அதாவது ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி எண்களில் ஒன்று. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் 2005ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்.எஸ்.ஏ. ஆய்வகமும் சேர்ந்து அதனை ஒரு மணி நேரத்திற்குள் கண்டுபிடித்துக் காட்டின. அதன் பிறகும் அதே 40 பிட் முறை டெஸ்லா மாடல் எஸ் காரின் சாவியில் இருந்தது. 2018ல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், முன்கூட்டியே கணக்கிட்ட சுமார் 6 டெராபைட் அட்டவணையை ஹார்ட் டிஸ்க்கில் வைத்துக் கொண்டு, சில நொடிகளில் அந்தச் சாவியை நகலெடுத்தார்கள். குட்டையான பாஸ்வேர்ட் வைக்காதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

ஸ்மார்ட் கீ: பையிலேயே இருக்கட்டும்

ஸ்மார்ட் கீ இருந்தால் எதையும் அழுத்த வேண்டியதில்லை. சாவி சட்டைப் பையில் இருக்கும். கைப்பிடியைத் தொட்டால் கார் 125 கிலோ ஹெர்ட்ஸ் அலையில் கேள்வியை அனுப்பும். இந்த அலை ஓரிரண்டு மீட்டர் தூரம்தான் போகும். சாவி அதைக் கேட்டதும் 433 மெகா ஹெர்ட்ஸ் அலையில் விடை சொல்லும். கதவு திறக்கும். உள்ளே உட்கார்ந்து பிரேக்கை மிதித்து, பட்டனை அழுத்தினால் வண்டி கிளம்பும்.

இங்கே ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது. "என் கேள்வி கொஞ்ச தூரம்தான் போகும். விடை வந்து விட்டது. ஆகவே சாவி பக்கத்தில்தான் இருக்கிறது" என்று கார் முடிவு செய்கிறது. சாவி உண்மையில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பல கார்கள் அளப்பதே இல்லை.

திருடன் பயன்படுத்துவது இந்த அனுமானத்தைத்தான். ஒருவன் கார் அருகே ஒரு கருவியுடன் நிற்பான். இன்னொருவன் வீட்டுச் சுவரோரம், சாவி இருக்கும் அறைக்கு வெளியே நிற்பான். காரின் கேள்வியை முதல் கருவி வாங்கி இரண்டாவதற்கு அனுப்பும். அது சாவியிடம் கேட்கும். சாவி சரியான விடையைச் சொல்லும். கார் திறக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். வீட்டில் பாட்டி மட்டும் இருக்கிறார். உங்கள் குரல் கேட்டால்தான் கதவைத் திறப்பார். வெளியே நிற்பவன் செல்போனில் உங்களைக் கூப்பிட்டு, ஏதோ பேசி, ஸ்பீக்கரைக் கதவருகே பிடிக்கிறான். குரல் உங்களுடையதுதான். ஆனால் நீங்கள் அங்கே இல்லை. இதற்கு ரிலே தாக்குதல் என்று பெயர்.

சுவிட்சர்லாந்தின் சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ல் 8 கம்பெனிகளின் 10 கார் மாடல்களை இப்படிச் சோதித்தார்கள். பத்தும் திறந்தன, பத்தும் கிளம்பின. இதில் ரகசிய எண் 40 பிட்டா, 128 பிட்டா என்பது பிரச்சினையே இல்லை. யாரும் பாஸ்வேர்டை உடைக்கவில்லை. தூரத்தை மட்டும் ஏமாற்றினார்கள். பட்டனை அழுத்தினால் மட்டுமே பேசும் ரிமோட்டை இந்த வழியில் ஏமாற்ற முடியாது. ஏனெனில் அங்கே உங்கள் விரல் சம்மதம் சொன்னால்தான் சாவி வாய் திறக்கும்.

இதற்கு மருந்து, அலை போய்த் திரும்பும் நேரத்தை அளப்பது. ரேடியோ அலை ஒரு நானோ செகண்டில் சுமார் 30 செ.மீ. போகும். நடுவில் யாராவது புகுந்தால் தாமதம் தெரிந்து விடும். அல்ட்ரா வைட்பேண்ட் என்ற முறை இதைச் செய்கிறது. செல்போனையே சாவியாக்கும் டிஜிட்டல் கீ 3.0 தர நிர்ணயத்தில் 2021ல் இது சேர்க்கப்பட்டது. கார் வாங்கும்போது "அல்ட்ரா வைட்பேண்ட் இருக்கிறதா, சாவி அசையாமல் இருந்தால் தூங்கிவிடுமா?" என்று இரண்டு கேள்விகளையும் கேளுங்கள்.

நம் ஊர் நிலவரத்தில் எது வசதி?

கொடிவேரி அணைக்குக் குளிக்கப் போகிறீர்கள். இரும்புச் சாவி தண்ணீரில் நனைந்தால் துடைத்துக் கொள்ளலாம். ஸ்மார்ட் கீ நனைந்தால் உள்ளிருக்கும் சர்க்யூட் பழுதாகலாம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித் தாளவாடி போகிறீர்கள். வழியில் இறங்கிப் படம் எடுத்துவிட்டு வந்தால், சாவியின் பேட்டரி தீர்ந்திருக்கிறது. என்ன செய்வது என்று தெரியாதவர் காட்டு வழியில் திகைத்து நிற்பார்.

இன்னொன்று. கணவர் ஸ்மார்ட் கீயைப் பையில் வைத்துக் கொண்டு கோபி பேருந்து நிலையத்தில் இறங்குகிறார். மனைவி அப்படியே காரை ஓட்டிக் கொண்டு ஈரோடு போகிறார். ஓடும் எஞ்சின் பாதுகாப்பு கருதி நிற்காது. சாவி இல்லை என்று கார் எச்சரிக்கை மட்டும் தரும். ஈரோட்டில் அணைத்தால் மறுபடி கிளம்பாது. திருகும் சாவியில் இந்தத் தொல்லை இல்லை.

மறுபக்கம், இரண்டு கையிலும் பை, இடுப்பில் குழந்தை என்று வருபவருக்கு ஸ்மார்ட் கீ உண்மையான உதவி. சாவியைத் தேட வேண்டாம். சாவியைக் காருக்குள் விட்டுவிட்டு வெளியிலிருந்து பூட்ட முயன்றால் பல கார்கள் பூட்டாமல் எச்சரிக்கும்.

செய்ய வேண்டியவை

1. வீட்டில் ஸ்மார்ட் கீயை வாசல் ஆணியிலோ ஜன்னல் ஓரத்திலோ மாட்டாதீர்கள். கார் நிற்கும் இடத்திலிருந்து தள்ளி, உள் அறையில் வையுங்கள்.

2. சிக்னலைத் தடுக்கும் பாரடே பவுச் கடைகளில் கிடைக்கிறது. சிலர் மூடி போட்ட தகர டப்பாவில் வைக்கிறார்கள். எதுவானாலும் சோதித்துப் பாருங்கள். சாவியை அதற்குள் வைத்து மூடி, கையோடு எடுத்துச் சென்று கார்க் கைப்பிடியைத் தொடுங்கள். கதவு திறந்தால் அந்தப் பவுச்சால் பயனில்லை.

3. பெரும்பாலான ஸ்மார்ட் கீகளுக்குள் ஒரு சிறிய இரும்புச் சாவி ஒளிந்திருக்கும். அதை எப்படி உருவுவது, கதவில் சாவித் துவாரம் எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். சில கார்களில் துவாரம் ஒரு மூடிக்குள் இருக்கும்.

4. பேட்டரி தீர்ந்தாலும் காரைக் கிளப்பலாம். பல கார்களில் சாவியை ஸ்டார்ட் பட்டனை ஒட்டிப் பிடித்துக் கொண்டு அழுத்த வேண்டும். பேட்டரி இல்லாமல் இயங்கும் பழைய சிப் முறை இங்கே கைகொடுக்கிறது. சில கார்களில் சாவியை வைக்கத் தனி இடம் உண்டு. கையேட்டில் பாருங்கள்.

5. பல சாவிகளில் சி.ஆர்.2032 என்ற 3 வோல்ட் பேட்டரி இருக்கும். உங்கள் சாவியில் உள்ள எண்ணைப் பார்த்து, ஒன்று வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். அதைக் காருக்குள் வைக்காமல் பர்ஸில் வையுங்கள்.

6. காரை விட்டு இறங்கும்போது சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக் கொள்ளுங்கள்.

7. பழைய கார் வாங்கினால் இரண்டு சாவிகளையும் கேட்டு வாங்குங்கள். சர்வீஸ் சென்டரில், காரின் நினைவகத்தில் பதிந்துள்ள பழைய சாவிகளை அழித்து, உங்கள் கையில் இருப்பவற்றை மட்டும் பதியச் சொல்லுங்கள். வெளியே ஒரு சாவி சுற்றினாலும் அது செல்லாமல் போகும்.

8. கார் திருடு போனால் இன்சூரன்ஸ் கம்பெனி இரண்டு ஒரிஜினல் சாவிகளையும் கேட்கும். ஒன்று இல்லை என்றால் இழப்பீடு சிக்கலாகும். சாவி தொலைந்தால் அன்றே போலீசில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வையுங்கள்.

9. இரவில் தெருவில் நிறுத்துபவர்கள் ஸ்டியரிங்கில் மாட்டும் இரும்புப் பூட்டு ஒன்று வாங்கலாம். ரேடியோ அலைக்கு அது மசியாது.

முடிவாக எதை வாங்கலாம்?

சிப் இல்லாத வெறும் இரும்புச் சாவி மூன்றிலும் பலவீனமானது. சிப்பும் ரிமோட் பட்டனும் உள்ள திருகும் சாவி, விலைக்கும் பாதுகாப்புக்கும் நடுவே நல்ல சமரசம். ஸ்மார்ட் கீ வசதியில் முதலிடம். ஆனால் மேலே சொன்ன பழக்கங்கள் இருந்தால்தான் அது பாதுகாப்பிலும் குறையாமல் இருக்கும்.

உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இதே கணக்குதான். பாஸ்வேர்டை நினைவில் வைக்கட்டுமா என்று பிரவுசர் கேட்கும். சரி என்று கிளிக் செய்தால் அடுத்த முறை தட்டச்சு செய்ய வேண்டாம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் முன் உட்காரும் யாரும் நீங்களாகவே உள்ளே போகலாம். வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கு அந்த வசதியை வேண்டாம் என்று சொல்லி விடுங்கள். அப்படியே இன்று உங்கள் கார்ச் சாவியைக் கையில் எடுத்து, அதற்குள் இருக்கும் இரும்புச் சாவியை ஒருமுறை உருவிப் பாருங்கள்.