முதுகில் ஒரு பை, கையில் சில்லறை: உத்திரமேரூரிலிருந்து கடல் வரை பஸ் பயணம் – முழுமையான வழிகாட்டி

நியூசிலாந்தின் தெற்குத் தீவில், மேற்குக் கரையை ஒட்டி ஒரு சாலை போகிறது. ஃபிரான்ஸ் ஜோசப், ஃபாக்ஸ் என்ற இரண்டு பனியாறுகள் மலையிலிருந்து அந்தச் சாலைப் பக்கமாக இறங்கி வருகின்றன. சற்றுத் தள்ளி மேற்கே கடல். முதுகுப் பையோடு பஸ்ஸில் ஏறி, பிடித்த ஊரில் இறங்கித் தங்கி, மறுநாள் வேறு பஸ்ஸில் தொடர்வது அங்கே வாலிபப் பிள்ளைகளின் வழக்கம். அந்தக் காணொளிகளைச் செல்போனில் பார்த்தபடி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளை உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் தினமும் பார்க்கலாம். அவர்களுக்காகத்தான் இந்த வழிகாட்டி.

நம்மிடம் பனி இல்லை. ஆனால் உத்திரமேரூரிலிருந்து கடல், நேர்க்கோட்டில் 50 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. இடையில் ஏரிகள், பறவைகள், உப்பளம், உடைந்த கோட்டை, முடிவில் கடலுக்குள் நீளும் பாறைகள். இதையெல்லாம் வேன் பிடித்து ஒரே நாளில் பார்த்துவிட்டு வருபவர்கள் உண்டு. அவர்கள் பார்ப்பது மாமல்லபுரத்தை மட்டும்தான். நடுவழியில் இறங்கத் தெரிந்தவருக்கே இந்த நிலம் முழுதாகக் கிடைக்கும். அதற்கு அரசு பஸ்ஸைவிட நல்ல வண்டி இல்லை. மூன்று நாள் ஒதுக்குங்கள்.

முதல் படி: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. ஏரியில் தண்ணீர் இருக்கும், பறவைகள் இருக்கும், வெயில் தாங்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் எந்த நேரமும் குறுக்கே வரலாம். ஏப்ரல், மே மாதங்களில் கடற்கரை மணலில் பகலில் கால் வைக்க முடியாது.

ஒரு விஷயத்தை மட்டும் கணக்கில் வையுங்கள். டிசம்பரிலிருந்து தைப்பூசம் வரை மேல்மருவத்தூருக்கு இருமுடி எடுத்து வரும் செவ்வாடை பக்தர்களால் மதுராந்தகம் பக்கத்து பஸ்களும் விடுதிகளும் நிரம்பி வழியும். பூசம் முடிந்த மறுவாரம் கிளம்புவது நல்லது.

இரண்டாம் படி: பையைக் குறையுங்கள்

மடியில் வைத்துக்கொண்டு உட்கார முடியாத பை இந்தப் பயணத்துக்கு உதவாது. நகரப் பேருந்தில் பெரிய பைக்கு இடமில்லை. கூட்டத்தில் நின்றால் அடுத்தவர் முகத்தில் இடிக்கும். இரண்டு செட் துணி, ஒரு லுங்கி அல்லது நைட்டி, ஈரிழைத் துண்டு, தண்ணீர் பாட்டில், தொப்பி, டார்ச், செருப்பு, சார்ஜர், கொஞ்சம் மாத்திரை. ஈரிழைத் துண்டு அரை மணி நேரத்தில் காயும், வெயிலில் தலைக்கும் ஆகும். டர்க்கி டவலை வீட்டில் விட்டுவிடுங்கள். பத்து, இருபது ரூபாய் நோட்டாகவும் நாணயமாகவும் தனியே ஒரு சுருக்குப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். காலை முதல் டிரிப்பில் ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டுபவரை எந்த கண்டக்டருக்கும் பிடிக்காது.

மூன்றாம் படி: பஸ்ஸைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

புதிதாகப் புறப்படுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். கிராமத்து நகரப் பேருந்துகளின் நேரத்தைச் செல்போனில் தேடினால் கிடைப்பது பெரும்பாலும் பழைய தகவல். ஆளிடம் கேட்க வேண்டும். பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் உட்காரும் அறை இருக்கும். முதல் கேள்வி அங்கே. அடுத்தது எதிரே உள்ள டீக்கடை. “அண்ணே, செய்யூர் வண்டி எப்போ?” என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள். “அதை விட்டா அடுத்தது எப்போ? கடைசி வண்டி எத்தனை மணிக்கு?” என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். போகும் வண்டியைவிடத் திரும்பும் வண்டி முக்கியம். ஓர் இடத்தில் இறங்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, அங்கிருந்து கிளம்பும் கடைசி பஸ்ஸின் நேரத்தை விசாரித்து வைப்பது. கோயிலோ கடலோ அதற்குப் பிறகுதான்.

உள்ளூர் ஆட்கள் ‘நைட் ஹால்ட்’ என்று சொல்லும் வண்டியையும் தெரிந்துகொள்ளுங்கள். இரவு கடைசி டிரிப்பாக ஒரு கிராமத்துக்குப் போகும் பஸ் அங்கேயே நின்றுவிடும். டிரைவரும் கண்டக்டரும் அந்த ஊரிலேயே படுத்து, விடிவதற்கு முன் அதே வண்டியை முதல் டிரிப்பாக எடுப்பார்கள். பால் கேனும் கீரைக் கட்டும் பூக்கூடையும் ஏறுவது அந்த வண்டியில்தான். அதில் ஒரு முறையாவது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள்; வயலின் மேல் பனிமூட்டம் விலகுவதும், நிறுத்தத்துக்கு நிறுத்தம் கண்டக்டர் ஆட்களைப் பெயர் சொல்லி ஏற்றுவதும் வேறெந்த வண்டியிலும் கிடைக்காது.

பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் டிக்கெட் கட்டணம் இல்லை. இந்தப் பயணத்தின் பல துண்டுகள் அத்தகைய பேருந்துகளில்தான். எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு இது பொருந்தாது, ஏறும்போதே கேட்டுவிடுங்கள்.

நான்காம் படி: சொந்த ஊரிலேயே தொடங்குங்கள்

உத்திரமேரூர்க்காரர்கள் பலர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரை நின்று பார்த்ததில்லை. பயணத்தின் முதல் மணி நேரத்தை அங்கே செலவிடுங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் வெட்டிய, ஊர்ச் சபைத் தேர்தலைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டுகள் அந்தச் சுவரில் இருக்கின்றன. 30 குடும்புகள் (வார்டுகள்), உறுப்பினராக வயது 35 முதல் 70 வரை, வரி கட்டும் கால் வேலி நிலம், சொந்த மனையில் வீடு என்று தகுதிகள் வரிசையாக வருகின்றன. முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் போட்டியிட முடியாது. வேதம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஊரில் எல்லாருக்கும் திறந்திருந்த தேர்தல் அல்ல அது.

எனக்கு அதில் முக்கியமாகப் படுவது ஏரி வாரியம். ஏரியைப் பார்த்துக்கொள்ளவே ஆண்டுதோறும் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். கல்வெட்டுகள் வைரமேகத் தடாகம் என்று சொல்லும் அந்த ஏரி ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோயிலைப் பார்த்த கையோடு கரை மேல் ஏறி நில்லுங்கள். இங்கிருந்து கடல் வரை பார்க்கப்போகும் எல்லா இடத்திலும் தண்ணீரின் கதைதான் வரும்.

ஐந்தாம் படி: வேடந்தாங்கல், மதுராந்தகம்

புக்கத்துறை வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி நெடுஞ்சாலைக்கு வந்துவிடலாம். வேடந்தாங்கலுக்கு மதுராந்தகத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் பஸ் உண்டு, ஆனால் நாளுக்குச் சில டிரிப்தான். கிடைக்காவிட்டால் படாளம் கூட்டு ரோட்டில் இறங்கி ஆட்டோ பேசுங்கள்.

பறவை பார்க்க அதிகாலையும் மாலை நான்கு மணிக்கு மேலும் ஏற்ற நேரம். நடுப்பகலில் பாதிப் பறவைகள் இரை தேடி வெளியே போயிருக்கும். நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம் ஆகியவற்றைக் கரையில் நின்றே அடையாளம் காணலாம். சரணாலயம் சுமார் 30 எக்டேர்தான். அதைக் காப்பாற்றியதில் பெரும் பங்கு ஊர் மக்களுடையது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை என்று வைத்திருக்கிறார்கள். 2022-இல் வேடந்தாங்கலும் பக்கத்து கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. நீங்களும் சத்தம் போடாமல், பாட்டு வைக்காமல் இருங்கள்.

இரவு மதுராந்தகத்தில் தங்குங்கள். ஏரிகாத்த ராமர் கோயிலில், 1798-இல் மழை வெள்ளத்தில் ஏரி உடையும் நிலையில் வில்லோடு இருவர் கரையைக் காத்ததை ஆட்சியர் லயனல் பிளேஸ் கண்டார் என்ற கதையைச் சொல்வார்கள். சாமி கும்பிட்டுவிட்டு ஏரிக்கரை வரை நடந்து போய் வாருங்கள்.

ஆறாம் படி: உப்பளமும் ஆலம்பரையும்

மறுநாள் காலை செய்யூர் பஸ். செய்யூர் தாண்டியதும் நிலத்தின் நிறம் மாறத் தொடங்கும். நெல் முடிந்து பனை, பிறகு சவுக்கு, அப்புறம் உப்பங்கழி. தையில் உப்பளத்தில் பாத்தி மிதித்துச் சீராக்கும் வேலை நடக்கும். மழை நின்று வெயில் ஏறினால்தான் உப்பு விளையும், அதனால் சுற்றுலாக்காரர் வெறுக்கும் வெயிலுக்காக இங்கே குடும்பங்கள் காத்திருக்கின்றன. வரப்பில் நடப்பதற்கு முன் வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாத்தியில் ஒரு காலடி விழுந்தாலும் அவர்கள் மறுபடி மிதிக்க வேண்டியிருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடப்பாக்கம் நிறுத்தத்தில் இறங்கி ஆலம்பரைக் கோட்டைக்கு ஆட்டோவிலோ நடந்தோ போகலாம். இந்தப் பகுதி இடைக்கழிநாடு. சிறுபாணாற்றுப்படை பாடிய நத்தத்தனார் இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவர். ஒரு பாணனுக்கு இன்ன ஊர் வழியாகப் போ, அங்கே இன்ன சாப்பாடு கிடைக்கும் என்று வழி சொல்லும் நூல் அது. பயண வழிகாட்டி எழுதும் எவருக்கும் அவர் முன்னோர்தான்.

ஆலம்பரைக் கோட்டை முகலாயர், ஆர்க்காட்டு நவாபுகள் காலத்தில் எழுந்தது. துறைமுகமும் நாணயச் சாலையும் இருந்தன. 1750-இல் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேவின் கைக்கு வந்தது. 1760 ஜனவரி 22 அன்று, உத்திரமேரூருக்கு அடுத்த ஊரான வந்தவாசியில் பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் தோற்றது. அதே ஆண்டில் ஆலம்பரையும் விழுந்தது, ஆங்கிலேயர் இடித்தார்கள். நம் வயல்வெளியில் நடந்த ஒரு சண்டை இந்தக் கடற்கரையைச் சாய்த்திருக்கிறது என்பதை அந்தச் சுவரின் கீழ் நின்று நினைத்துப் பாருங்கள். 2004 சுனாமியும் தன் பங்குக்கு உடைத்தது. இன்று மெல்லிய செங்கல்லும் காரையும் கட்டிப்பிடித்தபடி ஆள் உயரச் சுவர்த் துண்டுகள் மணலில் சாய்ந்து கிடக்கின்றன. அவற்றின் மேல் ஏறாதீர்கள், பெயரும். கழியைத் தாண்டி மணல்திட்டுக்கு மீனவர்கள் படகில் கூட்டிப் போவார்கள். ஏறும் முன் கூலியைப் பேசி, உயிர்காப்பு உடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே நிழல் குறைவு. காலை பத்து மணிக்குள் அல்லது மாலை நான்குக்குப் பிறகு வாருங்கள். சாப்பாட்டைக் கடப்பாக்கத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பாறைக் கரை

கடப்பாக்கத்திலிருந்து வடக்கே போகும் பஸ்ஸில் வலது பக்க ஜன்னலைப் பிடியுங்கள். முதலியார்குப்பத்தில் உப்பங்கழிப் படகுத்துறை, கூவத்தூர், பிறகு பாலாற்றுப் பாலம். நம் ஊர்ப் பக்கம் மணல் வெளியாகக் கிடக்கும் அதே பாலாறு கடலைத் தொடும் இடம் இங்கிருந்து அருகில்தான். கல்பாக்கத்தை ஒட்டிய சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை இருக்கிறது. உள்ளே அவர்களுடைய கல்லறைகள், எழுத்தும் சின்னமும் நுணுக்கமாகச் செதுக்கிய கற்பலகைகள். ஒரு மணி நேரம் போதும்.

மாமல்லபுரத்துக்கு வரும்போது கவனம். புதுச்சேரி – சென்னை வண்டிகள் பல ஊருக்குள் வராமல் புறவழிச் சாலையிலேயே இறக்கிவிடும். அங்கிருந்து ஆட்டோ, அல்லது நடை. கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதத்தையும் ஒரே டிக்கெட்டில் பார்க்கலாம். கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பியது. 1984-இல் இங்குள்ள சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. இவை எல்லாப் புத்தகத்திலும் உள்ளவை. புத்தகத்தில் அதிகம் சொல்லாத ஒன்றைக் குன்றின் மேல் தேடுங்கள்: பாறையில் வரிசையாகச் சிறு குழிகள் தெரியும். கல்லைப் பிளக்க ஆப்பு அடித்த குழிகள். பாதியில் நின்றுபோன வேலைகளும் அங்கங்கே உண்டு. ஒன்றின் அருகில் குனிந்து விரலை வைத்தால் உளி போன திசை தெரியும்.

அடுத்த நாள் காலை வடக்கே சாளுவன்குப்பம். புலிக்குகைக்குப் பக்கத்தில், சுனாமி மணலை அரித்துக் கல்வெட்டு ஒன்றை வெளிக்காட்டியதால், 2005-இல் தொல்லியல் துறையினர் தோண்டி எடுத்த முருகன் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. பல்லவர் கட்டடத்துக்கு அடியில் அதைவிடப் பழைய செங்கல் கட்டுமானம். பெரும்பாலான வேன்கள் இங்கே நிற்பதில்லை.

கடலில் இறங்குவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்கிறேன். இந்தக் கரையில் அலை காலடி மணலை இழுக்கும். பாறை ஓரங்களில் அது இன்னும் மோசம். ஏரியில் நீந்தத் தெரிந்தவர்கள்தான் தைரியமாகப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். கணுக்கால் அளவோடு நில்லுங்கள்.

எட்டாம் படி: திரும்புதல்

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு, அங்கிருந்து உத்திரமேரூர். செங்கல்பட்டில் மாலைக் கூட்டத்துக்கு முன்பே ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்கும்.

பனியாற்றையும் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு

மேலே சொன்னதெல்லாம் கைவந்தால், இமயமலைக்கும் அதே முறைதான். சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயில், காஷ்மீரி கேட் பஸ் நிலையத்திலிருந்து மணாலிக்கு இரவு பஸ். மணாலியிலிருந்து 2020 அக்டோபரில் திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதை வழியாக லாகூல் பள்ளத்தாக்குக்குள் போகலாம். கோடையில் இமாச்சல அரசு பஸ் மணாலியிலிருந்து ஸ்பிதியின் காசா வரை ஓடுகிறது. சந்திரா நதியை ஒட்டிய கரடுமுரடான மண் பாதை அது. சரிவுகளில் பனியாறுகள் தொங்குவது ஜன்னலிலேயே தெரியும். இமாச்சலத்தின் பெரிய பனியாறான பாரா ஷிக்ரி அந்தப் பள்ளத்தாக்கில்தான் வந்து சேர்கிறது. ஜூன் கடைசிக்கு முன், அந்தப் பாதையில் வரும் குன்சும் கணவாய் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள், மணாலி பஸ் நிலையத்தில் முந்தைய நாளே விசாரித்து டிக்கெட் எடுங்கள்.

குன்சும் 4,500 மீட்டருக்கு மேல். கடல் மட்டத்தில் பிறந்து வளர்ந்த நம் உடம்புக்கு அது புதிது. மணாலியில் இரண்டு இரவு, லாகூலில் உள்ள கீலாங்கில் ஒரு இரவு தங்கிவிட்டு மேலே ஏறுங்கள். தலைவலியோடு வாந்தியும் சேர்ந்தால் பிடிவாதம் வேண்டாம், கீழே இறங்கும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.