கடைசி நிமிடத்தில் களமிறங்கியவர்கள்

ஹேண்ட்பாலில் கோல்காப்பாளர் உட்பட ஏழு பேரே களத்தில் இருப்பர். ஆட்டத்தின் எந்த நேரத்திலும், எத்தனை முறையும் ஆளை மாற்றிக்கொள்ளலாம். இவ்விதியைக் கற்பிக்கும்போது தென்கொரிய வீராங்கனை ஓ சியோங்-ஓக்கின் ஒலிம்பிக் பயணத்தைக் கூறலாம்.

1992 பார்சிலோனாவில் தங்கம், 1996 அட்லாண்டாவில் வெள்ளி, 2000 சிட்னியில் நான்காமிடம். 2004 ஏதென்ஸ் இறுதியாட்டத்தில் இருமுறை கூடுதல் நேரம் ஆடியும் டென்மார்க்குடன் 34–34 எனச் சமநிலை. பெனால்டி எறிதலில் தோற்றதால் மீண்டும் வெள்ளி.

2008 பெய்ஜிங் அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஹங்கேரியைக் கொரியா 33–28 என வென்றது. வெற்றி உறுதியானபின், கடைசி நிமிடத்தில் பயிற்சியாளர் இம் யோங்-சோல் டைம் அவுட் கேட்டார். இளையவர்களை வெளியே அழைத்து, விடைபெறவிருந்த மூத்தவர்களைக் களமிறக்கினார். ஓ சியோங்-ஓக்கும் அவர்களில் ஒருவர்.

மாணவரிடம் கேளுங்கள்: அந்த நிமிடத்தில் வெளியே வந்த இளையவர் இழந்தது என்ன? கற்றது என்ன?

பிறகு நம் பள்ளி அணியின் பட்டியலையும் எடுத்துப் பார்ப்போம். ஆண்டு முழுவதும் பயிற்சிக்கு வந்தும் ஒரு நிமிடமேனும் ஆடாத மாணவர் எத்தனை பேர்? அவர்களைக் களமிறக்க விதி தடையில்லை. முடிவெடுக்க வேண்டியவர்கள் நாம்தான்.