பெயர், ஊர், தொழில்: தனித்தொழில் புரிவோர்க்கு ஒரு பாடம்



செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரை நோக்கிச் செல்வோர், மாமல்லபுரத்தை நெருங்கும்போது அலையோசைக்கு முன்னதாக உளியோசையைக் கேட்பர். சாலையோரப் பட்டறைகளில் சிற்பியர் அமர்ந்து கருங்கல்லைச் செதுக்கிக் கொண்டிருப்பர். பல்லவர் காலத்துக் கோயில்களும் இரதங்களும் 1984 ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுள் சேர்க்கப்பட்டன. அவற்றைக் காண வருவோருள் பலர், திரும்புகையில் ஒரு சிறு சிலையையேனும் வாங்கிச் செல்கின்றனர்.

அச்சிலையை வாங்கியவரிடம், "இதனைச் செய்தவர் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் "மாமல்லபுரத்தில் வாங்கினேன்" என்பதே விடையாக இருக்கும். ஊரின் பெயர் நினைவில் நிற்கிறது. கடையின் பெயர் கூட ஒருவேளை நிற்கலாம். செய்தவன் பெயர் நிற்பதில்லை. மறுமுறை அதே கைவண்ணத்தில் ஒரு சிலை வேண்டுமென்று அவர் விரும்பினாலும், அச்சிற்பியைத் தேடிச் செல்ல வழியில்லை. தொழில் நன்றாக இருந்தும் தொழிலாளி அறியப்படாமல் போவது என்னும் இக்குறை சிற்பிக்கு மட்டும் உரியதன்று. வீட்டிலிருந்தே தையல் செய்யும் பெண்மணி, கணக்கு எழுதித் தருபவர், மின்பணியாளர், மொழிபெயர்ப்பாளர், தின்பண்டம் செய்து விற்பவர் ஆகிய அனைவர்க்கும் உரியது. பெரும்பொருள் செலவிட்டு விளம்பரம் செய்ய இயலாத இவர்கள் தம் பெயரை நிலைநிறுத்துவது எவ்வாறு? இதுவே இப்பாடத்தின் பொருள்.

1. பழங்கல்வெட்டுகள் கூறும் பாடம்

கரூருக்கு அருகிலுள்ள புகளூர்க் குன்றில், துறவியர் தங்குவதற்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகள் உள்ளன. அங்குள்ள தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்று, கருவூரைச் சேர்ந்த பொன் வணிகன் நத்தி என்பவனைக் குறிப்பிடுகிறது. மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைக் குகையிலும் உப்பு வணிகன், கொழு வணிகன், பொற்கொல்லன் எனத் தொழிலோடு சேர்த்தே கொடையாளர் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. மாங்குளம் கல்வெட்டு, வெள்ளறை என்னும் ஊரைச் சேர்ந்த நிகமத்தாரை, அஃதாவது வணிகக் குழுவினரைக் கூறுகிறது. அறிஞர்கள் அதன் காலத்தைக் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு எனக் கணிக்கின்றனர்.

இவை விளம்பரங்கள் அல்ல. அறத்தின் பொருட்டுச் செய்த கொடையின் பதிவுகள். ஆயினும் ஒருவனை அடையாளம் காட்ட அக்காலத்தார் எவற்றைப் போதும் என்று கருதினர் என்பதை நோக்குங்கள். ஊர், தொழில், பெயர் ஆகிய மூன்றே. இம்மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல முடிந்தால், கேட்டவர் அதனை மற்றொருவருக்கும் சொல்ல முடியும்.

இன்று நம்முள் பலர் இம்மூன்றையும் தெளிவாகச் சொல்வதில்லை. "என்ன தொழில் செய்கிறீர்கள்?" என்று கேட்டால், "ஏதோ சொந்தமாகச் செய்கிறேன்" என்கிறோம். கேட்டவர் அதனை யாரிடம் சென்று சொல்வார்? "திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறேன், பழைய மரச்சாமான்களைப் பழுது பார்த்து மெருகிட்டுத் தருகிறேன், என் பெயர் இன்னது" என்று சொன்னால், அடுத்த வாரம் உடைந்த ஊஞ்சற் பலகையைக் காணும்போது அவருக்கு உங்கள் நினைவு வரும். இதற்கு ஒரு காசும் செலவில்லை.

2. சோழமண்டலம் கூறும் பாடம்

தனி ஒருவரால் இயலாததைப் பலர் கூடிச் செய்ததற்கு நம் கடற்கரையிலேயே சான்று உண்டு. சென்னை அரசினர் கலைக் கல்லூரியின் முதல்வராக விளங்கியவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர். கல்லூரியில் பயின்று வெளியேறும் ஓவியர், பிழைப்பின் பொருட்டு வேறு வேலைக்குச் சென்று, கலையைக் கைவிடுவது அவருக்குக் கவலை அளித்தது. அக்காலத்தில் ஓவியங்களை விலை கொடுத்து வாங்குவோர் இங்கு மிகச் சிலரே.

எனவே அவர்கள் கைவினைஞர் சங்கம் ஒன்றை அமைத்தனர். ஓவியம் வரையும் கைகளாலேயே பாத்திக் துணிகள் முதலான கைவினைப் பொருள்களைச் செய்து, கூட்டாகக் கண்காட்சி வைத்து விற்றனர். அவ்வருவாயைக் கொண்டு மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினர். 1966 ஆம் ஆண்டில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் அங்கு உருவாயிற்று. ஈஞ்சம்பாக்கம் அந்நாளில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மணற்பாங்கான சிற்றூர். இன்று சென்னை மாநகராட்சிக்குள் அடங்கியது.

இதில் நாம் கொள்ள வேண்டிய கருத்து யாது? ஒவ்வோர் ஓவியரும் தனித்தனியே வாங்குவோரைத் தேடி அலைந்திருப்பின் எவர் பெயரும் வெளிப்பட்டிராது. ஓரிடத்தில் கூடியதால், ஒருவருடைய ஓவியத்தைக் காண வந்தவர் மற்றவருடையதையும் கண்டார். ஒருவரின் வாடிக்கையாளர் மற்றவருக்கும் அறிமுகமானார். ஒரே தொழில் செய்வோர் ஒருவருக்கொருவர் பகைவர் என்னும் எண்ணம் அங்கே பொய்யாயிற்று.

இதே சாலையில் முட்டுக்காட்டில் 1996 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ராவிலும் கைவினைஞர், காண வருவோர் முன்னிலையிலேயே தொழில் செய்து காட்டுகின்றனர். செய்வதைக் கண்ணால் கண்டவர் விலையின் நியாயத்தை உணர்வார். சிறு தொழிலாளி தம் பட்டறையின் கதவைத் திறந்து வைப்பதும் ஒரு விளம்பரமே.

3. உறவினர் வட்டத்திற்கு அப்பால்

"எனக்குச் சுற்றத்தார் பலர் உளர், சமுதாயத்தார் அனைவரையும் அறிவேன், ஆயினும் வேலை வரவில்லையே" என்று வருந்துவோர் உண்டு. இதற்குரிய விடையைச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1973 ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் காணலாம். அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகில், அறிமுகமானவர் மூலம் புதுவேலை பெற்றோரை அவர் ஆராய்ந்தார். செய்தி சொன்னவரை அக்காலத்தில் அடிக்கடி சந்தித்து வந்தோர் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேர் மட்டுமே. எப்போதாவது சந்தித்தோர் 56 பேர். அரிதாகச் சந்தித்தோர் 28 பேர்.

காரணம் எளிது. நெருங்கிய உறவினர் அறிந்ததை நாமும் அறிவோம். அவர்கள் பழகுவோரிடமே நாமும் பழகுகிறோம். சிறிதளவே பழகியவரோ வேறொரு வட்டத்தில் வாழ்பவர். நமக்கு எட்டாத செய்தி அவருக்கு எட்டும். ஆதலால், சுற்றத்தாரின் அன்பு நம்மைத் தாங்கும் தூண். எட்டி நிற்கும் அறிமுகமோ புதிய வேலை நுழையும் வாயில். இரண்டும் வேண்டும்.

இவ்வாயிலைத் திறக்க முற்காலத்தில் எடுத்த முயற்சி ஒன்றையும் அறிவோம். சிற்றூரில் வளர்ந்து சிகாகோ நகருக்கு வந்த வழக்கறிஞர் பால் ஹாரிஸ், 1905 பிப்ரவரி 23 அன்று நண்பர் மூவரோடு கூடினார். அவர்கள் முறை வைத்து ஒருவர் அலுவலகத்தில் ஒருவர் கூடியதால் அக்கூட்டம் ரோட்டரி எனப்பட்டது. ஒரு தொழிலுக்கு ஒருவர் என்று சேர்த்துக் கொண்டனர். தொடக்கத்தில் ஒருவருக்கொருவர் தொழிலில் உதவுவதும் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது. பின்னர் அது பொதுத்தொண்டு அமைப்பாக வளர்ந்தது.

நாமும் இதனைச் சிறிய அளவில் செய்யலாம். கல்லில் செதுக்குபவர், பீடம் அமைக்கும் கொத்தனார், சிலையைப் பெட்டியிட்டு அனுப்பும் பொதிகட்டுபவர், தோட்டம் அமைப்பவர், வண்டி ஓட்டுநர் ஆகிய ஐவரும் ஒரே வாடிக்கையாளரை வெவ்வேறு நேரத்தில் சந்திப்பவர்கள். இவர்கள் மாதம் ஒருமுறை ஓர் தேநீர்க் கடையில் கூடினாலே போதும். ஒருவர் பெற்ற வேலையின் செய்தி மற்ற நால்வர்க்கும் பயன்படும்.

4. பரிந்துரையின் அறம்

பரிந்துரை என்பது கடன் வாங்கிய நம்பிக்கை. ஒருவர் உம்மைப் பரிந்துரைக்கும்போது தம் நற்பெயரை உம் கையில் ஒப்படைக்கிறார். ஆதலின் பின்வரும் நெறிகளை மறவாதீர்.

முதலாவது, கேட்பதற்கு முன் கொடுங்கள். உங்களால் இயலாத வேலை வந்தால் "முடியாது" என்று அனுப்பிவிடாமல், நன்றாகச் செய்யக்கூடிய மற்றொருவரிடம் அனுப்புங்கள். வந்தவர் இருவரையும் நினைவில் வைப்பார்.

இரண்டாவது, அறியாதவரைப் பரிந்துரைக்காதீர். உறவினர் என்ற ஒரே காரணத்திற்காகத் திறமையற்றவரைக் காட்டினால், அடுத்த முறை உங்கள் சொல் எடுபடாது.

மூன்றாவது, தரகு பெறுவதாயின் அதனை வாங்குபவரும் அறிய வேண்டும். மறைத்த தரகு வெளிப்படும் நாளில் நட்பும் வணிகமும் ஒருங்கே முறியும். வாணிகம் செய்வோர் பிறர் பொருளையும் தம் பொருள் போலப் பேண வேண்டும் என்று வள்ளுவர் நடுவுநிலைமை அதிகாரத்தில் அறிவுறுத்துவதை ஈண்டு நினைவு கூர்க.

நான்காவது, இல்லாததைச் சொல்லாதீர். மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்கு 2017 ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இது ஊரின் தொழிலுக்குக் கிடைத்த காப்பு. ஆயினும் அக்குறியீட்டைத் தம் பொருளில் பயன்படுத்த விரும்பும் கைவினைஞர், உரிமம் பெற்ற பயனாளராகத் தனியே பதிவு செய்துகொள்ளுதல் வேண்டும். வார்ப்பில் ஊற்றிய பொருளைக் கைச்செதுக்கு என்று விற்பவர், தம் பெயரை மட்டுமன்றி ஊரார் அனைவரின் பெயரையும் கெடுக்கிறார்.

5. செலவு குறைந்த வழிகள்

அ) முகவரி அட்டை: பெயர், ஊர், தொழில், தொலைபேசி எண் ஆகிய நான்கும் போதும். செய்பொருளின் அடியில் பெயரையும் ஊரையும் சிறியதாகப் பொறிப்பது அட்டையினும் நெடுநாள் நிற்கும். கடைக்காரர் வழியே விற்கும் பொருளாயின் அவருடைய இசைவைப் பெற்றே பொறியுங்கள்.

ஆ) வாடிக்கையாளர் ஏடு: வாங்கியவர் பெயர், பொருள், நாள் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ஆறு திங்கள் கழித்து, "பொருள் நன்றாக இருக்கிறதா?" என்று ஒரு வரி எழுதிக் கேளுங்கள். விற்பதற்காக அன்று, நலம் அறிவதற்காகக் கேளுங்கள்.

இ) கைப்பேசி: கூகுள் வரைபடத்தில் பட்டறையின் இடத்தைக் கட்டணமின்றிப் பதியலாம். வாட்ஸ்அப்பின் வணிகச் செயலியில் பொருள்களின் படங்களை அடுக்கி வைக்கலாம். நாள்தோறும் பத்துப் படம் அனுப்பித் தொல்லை தருவதினும், திங்கள் ஒருமுறை ஒரு நல்ல படம் அனுப்புவதே சிறப்பு.

ஈ) அரசுப் பதிவுகள்: சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளது, அதற்குக் கட்டணம் இல்லை. கைவினைஞர்க்கு மத்திய அரசின் அடையாள அட்டையும் உண்டு. அரசு நடத்தும் கண்காட்சிகளில் இடம் பெற அது உதவும். மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் விசாரித்தல் நலம்.

6. ஒரு சிறு கணக்கு

எடுத்துக்காட்டுக்காக ஒரு சிற்பியை எண்ணிக் கொள்வோம். அவர் ஆண்டுக்கு 20 சிலைகளைக் கடைக்கு 6,000 ரூபாய் வீதம் தருகிறார். கடைக்காரர் 10,000 ரூபாய்க்கு விற்கிறார். இடைப்பட்ட 4,000 ரூபாய் அநியாயம் என்று கருதல் வேண்டா. வாடகையும் காத்திருத்தலும் விற்காத சரக்கின் முடக்கமும் கடைக்காரர் தலைமேல் உள்ளன. இனி, இருபதில் நான்கு சிலைகளைப் பழைய வாடிக்கையாளர் பரிந்துரையால் நேரே 9,000 ரூபாய்க்கு விற்றால், கூடுதல் வருவாய் 12,000 ரூபாய். அட்டை, அஞ்சல், தொலைபேசி ஆகியவற்றிற்கு 2,000 ரூபாய் கழித்தாலும் 10,000 ரூபாய் எஞ்சும்.

தொகை சிறிதே, பயன் பெரிது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் நினைவுச் சின்னங்கள் மூடப்பட்டு, சுற்றுலாப் பயணியர் வருகை நின்றுபோனதை நாம் மறக்கவில்லை. வழிப்போக்கரை மட்டுமே நம்பிய தொழிலுக்கு அத்தகைய நாளில் போக்கிடம் இல்லை. பெயரறிந்த வாடிக்கையாளர் நால்வரேனும் இருப்பின், சாலை வெறிச்சோடினாலும் கடிதம் எழுத ஒரு முகவரியாவது இருக்கும். கடையும் வேண்டும், கடைக்கு அப்பால் தன் பெயரும் வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. உங்கள் பெயர், ஊர், தொழில் மூன்றையும் ஒரே தொடரில் எழுதுக. பத்து வயதுச் சிறுவனுக்கு அது விளங்குகிறதா?

2. உங்கள் வாடிக்கையாளரையே சந்திக்கும் வேறு தொழிலினர் ஐவர் யாவர்?

3. சென்ற ஓராண்டில் நீங்கள் பிறருக்குப் பெற்றுத் தந்த வேலைகள் எத்தனை? பிறர் உங்களுக்குப் பெற்றுத் தந்தவை எத்தனை?

4. உங்கள் பொருளை வாங்கிய கடைசிப் பதின்மரின் பெயரும் முகவரியும் உங்களிடம் உள்ளனவா?

மூன்றாம் வினாவிற்கு விடை எழுதும்போது முதல் எண் சிறிதாக இருப்பின், குறை எங்குள்ளது என்பது தானே விளங்கும். பிறர் பெயரை நாம் நாலு பேரிடம் எடுத்துச் சொல்வோம். நம் பெயரைச் சொல்லவும் நாலு பேர் வருவர்.