டைமிங் பெல்ட்: அறுவதற்கு முன்னும் பின்னும்

தோட்டத்தை விட்டு ஈப்போவில் குடியேறிய என் மாமாவின் காடி 12 வருடத்தில் 58,000 கி.மீ.தான் ஓடியது. கோயில், சந்தை, கல்யாண வீடு, அவ்வளவுதான். "ஓட்டமே இல்லையே, எதுக்குப் பெல்ட்டை மாத்தணும்?" என்றிருந்தார். பினாங்குத் தைப்பூசத்துக்குப் போகையில் மெனோரா சுரங்கப்பாதை ஏற்றத்தில் பெல்ட் அறுந்தது. சில நூறு வெள்ளியில் முடிந்திருக்க வேண்டிய வேலை ஆயிரக்கணக்கில் போனது.

செய்ய வேண்டியவை

• கிலோமீட்டரோடு வருடத்தையும் எண்ணுங்கள். கையேட்டில் இரண்டும் இருந்தால் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. பெல்ட்டில் இருப்பது நம் ரப்பர் மரத்துப் பால் இல்லை, செயற்கை ரப்பர். ஆனாலும் சும்மா கிடந்தே மூப்படையும். என்ஜின் சூடு வேறு.

• உங்கள் காடியில் பெல்ட்டா, செயினா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெரோடுவா கஞ்சிலில் பெல்ட். 2005-இல் வந்த முதல் மைவியில் செயின். நம் பேராக்கின் தஞ்சோங் மாலிமில் செய்த புரோட்டோன் ஜென்-2-இன் கேம்ப்ரோ என்ஜினில் பெல்ட்; அது அறுந்தால் வால்வு தப்பாது.

• பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் சேர்த்து மாற்றச் சொல்லுங்கள். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடினால் அதையும். கூலி ஒருமுறையோடு போகும்.

• பழைய காடி வாங்கினால், பெல்ட் மாற்றிய ரசீது இல்லையென்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் வாய்ச்சொல் ரசீது ஆகாது.

செய்யக்கூடாதவை

• ஓடும்போது என்ஜின் திடீரென்று செத்தால் மறுபடி சாவி போடாதீர்கள். இதைத்தான் எல்லாரும் செய்கிறோம், மாமாவும் நான்கு முறை செய்தார். என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடும். பிஸ்டன் மேலே வருவதற்குள் வால்வு விலகிவிட வேண்டும். அந்த ஒழுங்கைக் காப்பது பெல்ட். அது போனால், பல என்ஜின்களில் திறந்தபடி நின்ற வால்வைப் பிஸ்டன் இடிக்கும். முதல் இடியில் தப்பிய வால்வும் ஸ்டார்ட்டர் சுற்றும்போது வளையலாம். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, "சுர்ர்" என்று சுற்றினால் பெரும்பாலும் பெல்ட்தான் போயிருக்கும்; அங்கேயே நிறுத்துங்கள்.

• தள்ளி ஸ்டார்ட் பண்ணாதீர்கள். அதே இடிதான்.

• சத்தம் வரட்டும் என்று காத்திராதீர்கள். பெரும்பாலும் வராது.

• ஆயில் கசிவைத் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். கேம்ஷாஃப்ட் சீலில் கசிந்த ஆயில் பெல்ட்டை ஊறவைத்துக் கெடுக்கும்.

• பிளஸ் நெடுஞ்சாலையில் காடி நின்றுவிட்டால் உள்ளேயே உட்கார்ந்திருக்காதீர்கள். ஓரங்கட்டி, தடுப்புக்கு அப்பால் நின்று பிளஸ்லைன் 1800-88-0000 எண்ணை அழையுங்கள்.

மாமாவின் பானெட்டுக்குள் இப்போது வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று: மாற்றிய தேதி, கிலோமீட்டர், அடுத்த தேதி. மூன்றும் அவர் கையெழுத்து.